காசு கொடுத்துப் பார்ப்பது

ஏழாவது மாடி. பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்த பால்கனி.
செருப்புகளை உள்ளே எடுத்து வைத்திருக்கிறோம்,
வாசலில் ஆறு ஜோடி கிடந்தால்
அசோசியேஷன் செயலாளருக்குத் தூக்கம் வராது.

மணி ஒன்று நாற்பது.
பாக்கியநாதன் தன் சிப்ஸ் மொத்தத்தையும்
சாப்பிட்டு முடித்தவர் இலையை நகர்த்துவதுபோல்
நடுவில் தள்ளிவிட்டு
"ஆல் இன்" என்றார்.
மாலையிலிருந்து அவர் பேசிய நான்காவது, ஐந்தாவது சொல்.
முந்தைய மூன்று: ஃபேனைக் கொஞ்சம் குறைங்க.

துறைமுகத்தில் சரக்குச் சேதம் மதிப்பிடுகிற மனுஷன்.
நனைந்த பருப்பு மூட்டையை முகர்ந்து
கடல் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று சொல்லிவிடுவாராம்.
ஆட்டமும் எண்ணிச் சுட்ட பணியாரம்தான்.
இருபது கை வந்தால் பத்தொன்பதைத்
தொட்டுப் பார்த்துத் திருப்பித் தருவார்,
கடைக்காரரிடம் சொத்தைக் கத்திரிக்காயைத் தருவதுபோல்.

என்னிடம் இரண்டு ராஜா.
மேஜையில் ஒன்பது, எட்டு, மூன்று, ஜாக்கி,
கடைசியாய் இன்னொரு மூன்று.
நடுவில் ஏற்கெனவே பதினோராயிரம். அவர் போட்டது எட்டு.
எட்டு கொடுத்தால் பத்தொன்பது.
பத்தில் மூன்று முறை என் ராஜாக்கள் நின்றால் போதும்,
கணக்கு அவ்வளவு எளிது.
எட்டாயிரம் என்பது என் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர்.
மூன்று வாரமாய்ப் பாலை எதிர்வீட்டில் வைக்கிறேன்.

ஒன்பது ஜோடி வைத்திருப்பாரோ. எட்டு ஜோடியோ.
ஜாக்கி ஜோடி என்றால் முகத்தில் தெரிந்திருக்காதா?
என்ன முகம், அது
ஞாயிற்றுக்கிழமை வங்கி ஷட்டர்.
ராணி ஜோடியோடு இத்தனை தைரியம் வருமா இவருக்கு?
ஒன்றுமே இல்லாமலா?
இவரா?

மூன்று வருடம், மாதத்தில் இரண்டு சனி.
அவர் எல்லாவற்றையும் தள்ளியது இதோடு ஏழாவது முறை.
ஆறு முறையும் "சாரிடம் இருக்கு" என்று
சீட்டைக் கவிழ்த்துவிட்டோம்.
ஆறு முறையும் அவர்
தன்னுடையதைக் காட்டாமல் கட்டுக்கடியில் செருகினார்.

இப்போதுதான் உறைக்கிறது.
அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, சரி.
உண்மை சொல்லியும் பார்த்ததில்லையே.
அந்த நேர்மையை நாங்களே
ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு
அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

முபாரக் வேர்க்கடலை மெல்வதை நிறுத்துகிறான்.
கீழே சதுப்பில் ஏதோ ஒரு பறவை,
தப்பான நேரத்தில், ஒருமுறை.
பாக்கியநாதன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறார்.
குடிக்கவில்லை. மறுபடி மூடுகிறார்.
இதற்கு அர்த்தம் உண்டா?
தாகம் எடுத்து அடங்கிவிட்டது, அவ்வளவுதானா?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விடாமல் ஆழம் தெரிவது எப்படி என்று
யாரும் சொல்வதில்லை.

"சுமித்ரா, நேரம்" என்றான் சித்தார்த்.
எட்டாயிரத்தை எண்ணி அடுக்கினேன்.
கலைத்து, இன்னொரு முறை அடுக்கினேன்.
அப்புறம் ராஜாக்கள் இரண்டையும்
முகம் தெரியத் திருப்பி வைத்து
"உங்களிடம் இருக்கு, சார்" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார்,
மூட்டையைப் பார்ப்பதுபோல்.
"நல்ல கை."
ஆறாவது, ஏழாவது சொல்.
கட்டுக்கடியில் செருகினார்.

இரண்டேகால். காமாட்சி ஆஸ்பத்திரி சிக்னல்.
இந்நேரத்துக்கு மஞ்சளாய்க் கண்சிமிட்ட வேண்டியது
ஏனோ சிவப்பில் நின்றிருந்தது.
எனக்கு முன்னால் அவருடைய ஸ்கூட்டர்,
கோட்டுக்கு ஒரு சாண் பின்னால்,
ஹெல்மெட் பட்டை பூட்டி, இண்டிகேட்டர் போட்டு.
குறுக்கே ஒரு வண்டி இல்லை, நாய்கூட இல்லை.
பார்த்தாயா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
இந்த ஆளிடமா.

அவர் இடது பக்கம் பார்த்தார்.
வலது பக்கம் பார்த்தார்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தாரா, தெரியாது.
போய்விட்டார்.

எனக்கு இன்னும் நாற்பத்தொரு நொடி.